ஊருக்கு வெளியே ஒரு வாசல்

பர்மிங்காம் நகர மையத்தின் கிழக்கு விளிம்பில், கர்சன் ஸ்ட்ரீட் என்ற தெருவில், மூன்று தளங்கள் கொண்ட கல் கட்டடம் ஒன்று தனித்து நிற்கிறது. ஏறத்தாழக் கனசதுர வடிவம். நகரைப் பார்த்த முகப்பில் நான்கு பெருந்தூண்கள். உச்சியில் சுருள் வேலைப்பாடு கொண்ட அயோனிக் வகை. இது ஒரு ரயில் நிலையம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். பின்னால் இருந்த தண்டவாளங்களும் நடைமேடைகளும் கூரைகளும் போய்விட்டன. கோயில் முழுவதும் இடிந்து ராஜகோபுரம் மட்டும் மிஞ்சினால் எப்படி இருக்கும், அப்படி.

கர்சன் என்றதும் வங்கத்தைப் பிரித்த வைஸ்ராய் நினைவுக்கு வருவார். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் பிறந்ததே 1859-ல். இந்த நிலையம் அதற்கு 21 ஆண்டுகள் முன்பே, 1838-ல், விக்டோரியா முடிசூடிய அதே ஆண்டில் திறக்கப்பட்டது. இன்றும் நிற்கும் பிரம்மாண்ட ரயில் கட்டடங்களில் உலகிலேயே பழையது இதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இதன் வழியாக அன்றாடப் பயணிகள் போய்வந்தது 16 ஆண்டுகள்தான். 1854-ல் பயணிகள் ரயில்கள் வேறு நிலையத்துக்கு மாறின. அதன்பின் 1966 வரை, 112 ஆண்டுகள், இது சரக்கு நிலையம். இத்தனை பெரிய வாசலைக் கட்டியவர்கள் ஏன் அதை இவ்வளவு சீக்கிரம் கைவிட்டார்கள்? நிலையத்தின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பதிலுக்கு, கட்டடத்தைவிட அதற்குப் பின்னால் ஓடிய பாதையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1830-ல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கி, லாபமும் கொட்டியது. அடுத்து எல்லோரும் நினைத்தது லண்டனை. லண்டன் - பர்மிங்காம் பாதைக்கான மசோதாவை 1832-ல் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. பாதை போகவிருந்த நிலங்களின் உடைமையாளர்கள் பலர் அந்தச் சபையிலேயே உட்கார்ந்திருந்தவர்கள். வேறென்ன எதிர்பார்க்க முடியும்? கம்பெனி நிலத்துக்கு விலையை ஏற்றிக் கொடுத்து எதிர்ப்பைத் தணித்தது. மறு ஆண்டு, 1833-ல், மசோதா சட்டமானது. தலைமைப் பொறியாளராக ராபர்ட் ஸ்டீவன்சன் நியமிக்கப்பட்டார். ஜார்ஜ் ஸ்டீவன்சனின் மகன். அப்போது 30 வயதுகூட நிரம்பவில்லை.

பாதையின் நீளம் 112 மைல். அதுவரை இவ்வளவு நீளமான ரயில்பாதை ஒன்றை லண்டனிலிருந்து யாரும் போட்டதில்லை. அன்றைய இன்ஜின்களுக்கு இழுவை குறைவு; சற்று ஏற்றமான பாதையானாலும் திணறிவிடும். அதனால் 330 அடி போனால் ஒரு அடிக்கு மேல் பாதை ஏறக்கூடாது என்று ஸ்டீவன்சன் வரம்பு வைத்துக்கொண்டார். தாளில் எழுதுவது சுலபம். அந்த ஒரு வரம்புக்காக வழியிலிருந்த குன்றுகளை அறுக்க வேண்டியிருந்தது. டிரிங், பிளிஸ்வர்த் ஆகிய இடங்களில் மைல் கணக்கில் ஆழமாக வெட்டினார்கள். கில்ஸ்பியில் 2,400 கஜம் நீளத்துக்குச் சுரங்கப்பாதை குடைந்தார்கள். குடையும்போது நடுவே புதைமணல் அகப்பட்டது. முன்பு போட்டுப்பார்த்த சோதனைக் குழிகள் அந்த மணலைத் தொடாமல் தப்பியிருந்தன. நீராவிப் பம்புகளை வைத்து நிமிடத்துக்கு 1,800 காலன் தண்ணீரை மாதக்கணக்கில் இறைத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. பாதை முழுவதற்கும் 25 லட்சம் பவுன் ஆகும் என்ற கணக்கு, முடிவில் 55 லட்சத்தைத் தொட்டது. ஸ்டீவன்சனின் உதவிப் பொறியாளரான பீட்டர் லெகவுன்ட், எகிப்தின் பெரிய பிரமிடைக் கட்டிய உழைப்பையும் இந்தப் பாதைக்கான உழைப்பையும் கணக்குப்போட்டு, தங்களுடையதே பெரிது என்று எழுதினார். அந்தப் பெருமிதத்தைப் புரிந்துகொண்டால் கர்சன் ஸ்ட்ரீட் தூண்கள் பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு லண்டன் போக வேண்டும். பாதையின் இரண்டு முனைகளுக்கும் கட்டடக் கலைஞர் ஒருவரே: பிலிப் ஹார்ட்விக். இத்தாலி போய்ப் பழைய ரோமானியக் கட்டடங்களைப் பார்த்துவந்தவர். லண்டன் முனையான யூஸ்டனில், ஏறத்தாழ 70 அடி உயரத்தில், தடித்த டோரிக் தூண்களோடு ஒரு நுழைவாயிலை எழுப்பினார், 35,000 பவுன். பர்மிங்காம் முனையில் அயோனிக் தூண்களோடு இந்தக் கட்டடம், 28,000 பவுன். கட்டிக்கொடுத்தது கிரிசல் அண்ட் பீட்டோ நிறுவனம். லண்டனில் டோரிக் வாசலைக் கடந்து ரயில் ஏறும் ஒருவர், 112 மைல் தள்ளி அயோனிக் வாசலின் அருகே இறங்குவார். இரண்டு வாசல்களும் ஒரு ஜோடி. இடையில் இருப்பது ஒரு பாதை. இந்தப் பாதை வேறு எங்கும் தொடரும், வேறு ஏதாவது குறுக்கே வரும் என்ற எண்ணத்தின் சாயல்கூட அந்த அமைப்பில் கிடையாது. இங்கே தொடங்கி அங்கே முடிகிறது என்பதைத்தான் கல்லில் சொன்னார்கள்.

இதைப் பகட்டு என்று அன்றே சொன்னவர்கள் உண்டு. கோதிக் பாணியின் தீவிர ஆதரவாளரான பியூஜின், யூஸ்டன் வாசலுக்கு ஆன காசில் வசதியான முதல்தர நிலையம் ஒன்றையே கட்டியிருக்கலாம் என்று 1843-ல் கடுமையாக எழுதினார். வசதி என்று பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் அன்றைய நிலையையும் பார்க்க வேண்டும். ரயிலில் ஏறுவது ஆபத்தான காரியம் என்று பலர் நினைத்த காலம். பங்கு வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் லங்காஷயர்க்காரர்கள், பாதைக்கு வெகு தொலைவில் இருந்தவர்கள். மதிப்பிட்டதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் செலவழித்துவிட்ட கம்பெனி, தான் நிலையானது, நம்பத்தக்கது என்று காட்டியாக வேண்டும். வங்கிகளும் நகர மன்றங்களும் அதற்குப் பயன்படுத்திய மொழி கிரேக்க, ரோமானியத் தூண்களின் மொழி. பர்மிங்காமிலேயே 1834-ல் திறந்த டவுன் ஹால் ஒரு ரோமானியக் கோயிலின் அச்சுதான். ஹார்ட்விக் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊர் ஏற்கெனவே மதித்த ஆடையை ரயிலுக்கும் போட்டுவிட்டார்.

கட்டடத்துக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. கல் படிக்கட்டு ஏறிச்செல்லும் உயரமான ஒரு கூடம், சுற்றிலும் அலுவலக அறைகள். ரயில்கள் நின்றது பின்னால், தனிக் கூரைகளின் கீழ். நிலையத்தின் வேலை நடந்த இடம் அது. முகப்பின் வேலை முகம் காட்டுவது. சில ஆண்டுகளில் வடபுறம் ஒட்டிக் கட்டி ஓட்டலும் திறந்தார்கள். பயணிகள் ராத்தங்குவதற்கு நிலையத்திலேயே இடம் கொடுப்பது அப்போது புது யோசனை.

இனி இடத்துக்கு வருவோம். ஊர் ஒரு மணற்பாறை மேட்டில் இருக்கிறது. நிலையம் இருந்ததோ கிழக்கே, ரீ என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கில். ஊருக்குள் வர வேண்டுமானால் மேட்டில் ஏற வேண்டும், நெருக்கமான வீடுகளை இடிக்க வேண்டும், சுரங்கம் தோண்ட வேண்டும். 330-க்கு ஒன்று என்று கண்டிப்பாக இருந்த பொறியாளரும், பணம் கரைந்துகொண்டிருந்த கம்பெனியும் அதற்குத் துணியவில்லை. லண்டன் முனையில் துணிந்ததன் பலனை அவர்கள் அனுபவித்தார்கள். கேம்டனிலிருந்து யூஸ்டன் வரையுள்ள கடைசி மைல் சரிவில், மேலே ஏறும் ரயில்களை 1844 வரை நிலைத்த நீராவி இன்ஜின்கள் வடம் கட்டித்தான் இழுத்தன. பர்மிங்காமில் அந்த வம்பே வேண்டாம் என்று மேட்டின் அடிவாரத்தோடு நின்றுகொண்டார்கள். ஊர் விளிம்பில் நிலையம். ஊருக்குப் போக ஆம்னிபஸ் வண்டி. அன்று யாருக்கும் இது குறையாகத் தெரியவில்லை. பகல் முழுவதும் குதிரை வண்டியில் குலுங்கி வந்தவர்களுக்கு, ஐந்தரை மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கும் ரயில் ஊருக்கு அரை மைல் முன்னால் நின்றால் என்ன?

பாதை முழுவதும் ஒரே நாளில் திறக்கவில்லை. 1838 ஏப்ரலில் பர்மிங்காம் பக்கம் ரக்பி வரையும், லண்டன் பக்கம் டென்பி ஹால் என்ற இடம் வரையும் ரயில் ஓடியது. நடுவில் கில்ஸ்பி இன்னும் முடியவில்லை. அந்த இடைவெளியைப் பயணிகள் குதிரை வண்டிகளில் கடந்தார்கள். ஜூன் 28-ல் முடிசூட்டு விழா பார்க்க லண்டன் போனவர்கள் இப்படித்தான் ரயில், வண்டி, மறுபடி ரயில் என்று போனார்கள். செப்டம்பர் 17-ல் முழுப்பாதையும் திறந்தது. வண்டி முதலாளிகளில் புத்திசாலிகள் அதற்கு முன்பே கணக்கை மாற்றிக்கொண்டார்கள். லண்டனின் மிகப் பெரிய வண்டி முதலாளியான வில்லியம் சாப்ளின், குதிரைகளை விற்று ரயில் பங்குகளில் பணத்தைப் போட்டார்; இந்தப் பாதையில் பார்சல் ஏற்றியிறக்கும் ஒப்பந்தமும் அவருடைய கூட்டு நிறுவனத்துக்கே கிடைத்தது.

கட்டணம் முதல் வகுப்புக்கு 30 ஷில்லிங்கை ஒட்டி, இரண்டாம் வகுப்புக்கு 20 ஷில்லிங்கை ஒட்டி இருந்தது. தொழிலாளி ஒருவரின் கைக்கு எட்டாத தொகை. ஏழைகளை ஏற்றிக்கொள்வதில் கம்பெனிக்கு ஆர்வமில்லை. மைலுக்கு ஒரு பென்னிக்கு மிகாமல், கூரையுள்ள பெட்டியில், நாளுக்கு ஒரு ரயிலாவது விட வேண்டும் என்று 1844-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்ட பிறகுதான் அந்த நிலை மாறத் தொடங்கியது.

இந்த நிலையத்தில் வந்திறங்கியவர்களில் ஒரு கூட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1839 கோடையில் பர்மிங்காமின் புல் ரிங் சந்தைத் திடலில் சார்ட்டிஸ்டுகள் தினமும் கூடினார்கள். ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டவர்கள். கூட்டத்தைக் கலைக்க நகர அதிகாரிகள் விரும்பினார்கள், ஆனால் ஆள் இல்லை. பர்மிங்காமுக்கு நகராட்சி அந்தஸ்தே 1838 அக்டோபரில்தான் கிடைத்திருந்தது. அதன் அதிகாரங்களைப் பற்றிய வழக்காடல் ஓயவில்லை. சொந்தப் போலீஸ் இல்லை. ஜூலை 4-ஆம் தேதி லண்டன் மெட்ரோபாலிடன் போலீஸிலிருந்து 60 பேர் ரயிலில் வந்து இறங்கினார்கள். அன்று மாலையே புல் ரிங்குக்குப் போய்த் தடியடியைத் தொடங்கினார்கள். கூட்டம் திருப்பித் தாக்கியதில் போலீஸைக் காப்பாற்ற ராணுவம் வர வேண்டியதாயிற்று. பதினொரு நாள் கழித்து மறுபடி கலவரம், கடைகள் எரிந்தன. லண்டன் போலீஸை அனுப்பியதுதான் நிலைமையை மோசமாக்கியது என்று பலர் அப்போதே சொன்னார்கள். பழைய நாட்களில் லண்டனிலிருந்து ஆள் வருவதற்குள் கூட்டம் கலைந்திருக்கும், அல்லது சமரசம் பேசியிருப்பார்கள். திறந்து ஓராண்டுகூட முழுமையாக ஆகாத ரயில் அந்த அவகாசத்தை எடுத்துவிட்டது. நிலையத்தைப் பற்றிய கட்டடக்கலைக் குறிப்புகளில் இந்த நாள் பெரும்பாலும் இருக்காது. எனக்கென்னவோ தூண்களைவிட இதுதான் ரயில் என்ன செய்யப்போகிறது என்பதைத் தெளிவாகச் சொல்வதாகப் படுகிறது.

லண்டனிலிருந்து வந்த பாதையை மட்டுமே இதுவரை பார்த்தோம். பக்கத்திலேயே இன்னொரு கம்பெனி இருந்தது. கிராண்ட் ஜங்ஷன் ரயில்வே, பர்மிங்காமை வடக்கே லிவர்பூல் - மான்செஸ்டர் பாதையோடு இணைத்தது. 1837 ஜூலை 4-ல், விக்டோரியா அரியணை ஏறி இரண்டு வாரத்தில், அது திறந்துவிட்டது. ஆனால் ஆரம்பத்தில் அதன் ரயில்கள் வாக்ஸ்ஹால் என்ற தற்காலிக நிலையத்தோடு நின்றன. ஆஸ்டன் ஹால் மாளிகையில் குடியிருந்த ஒருவர் தன் பூங்கா வழியாகப் பாதை போகக்கூடாது என்று மறுத்ததால், அந்தப் பாதை கிழக்கே சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. மறுத்தவர் ஜேம்ஸ் வாட்டின் மகன். நீராவியால் செழித்த குடும்பம், நீராவி வண்டிக்கு வழிவிட மறுத்தது.

1838 இறுதியை ஒட்டிக் கிராண்ட் ஜங்ஷன் கர்சன் ஸ்ட்ரீட்டுக்கே வந்து, லண்டன் கம்பெனியின் நிலையத்துக்கு அருகிலேயே தன் நிலையத்தை அமைத்துக்கொண்டது. இப்போது லண்டனிலிருந்து லிவர்பூல் வரை ரயிலிலேயே போகலாம். ஆனால் எப்படி? இரண்டு பாதைகளும் ஒரே திசையிலிருந்து, கிழக்கிலிருந்து, நிலையத்துக்குள் நுழைந்து முட்டி நின்றன. லண்டனிலிருந்து வரும் பெட்டிகள் இங்கே நின்று, வேறு இன்ஜின் மறுமுனையில் மாட்டப்பட்டு, வந்த பக்கமே வெளியேறி, பிறகு வடக்கே திரும்ப வேண்டும். முடிவிடம் என்று நினைத்துக் கட்டிய இடம், திறந்த சில மாதங்களிலேயே வழியிலுள்ள ஒரு நிறுத்தமாகிவிட்டது. முடிவிடமாகவே அமைந்துவிட்டதால் அந்த நிறுத்தம் சங்கடமானதாகவும் இருந்தது.

சங்கடம் கூடிக்கொண்டே போனது. 1839-ல் டார்பி பக்கமிருந்து ஒரு கம்பெனியின் ரயில்கள் லண்டன் பாதையில் வந்து சேர்ந்து கர்சன் ஸ்ட்ரீட்டைத் தொட்டன. 1842-ல் அவை விலகி அருகிலேயே லாலி ஸ்ட்ரீட்டில் தனி நிலையம் வைத்துக்கொண்டன. குளோஸ்டரிலிருந்து வந்த கம்பெனி முதலில் கேம்ப் ஹில் என்ற இடத்தோடு நின்றது. 1841-ல் அதுவும் கர்சன் ஸ்ட்ரீட்டுக்கு வந்தது. தெற்கு, வடக்கு, கிழக்கு, தென்மேற்கு என்று நான்கு திசைப் பாதைகள், ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி, ஒவ்வொன்றுக்கும் தன் கணக்கு. ஒரே சீட்டில் மூன்று கம்பெனி ரயில்களில் போகிறவரின் பணத்தை எப்படிப் பங்குபோடுவது? இதற்கென்றே 1842-ல் யூஸ்டன் அருகே ரயில்வே கிளியரிங் ஹவுஸ் என்ற கணக்குத் தீர்வு நிலையம் தொடங்கியது. அந்த அமைப்பு கொடுத்த அழுத்தத்தில் 1847 டிசம்பர் 1 முதல் இந்தப் பாதை லண்டன் நேரத்தை ஏற்றது. அதுவரை பர்மிங்காமின் கடிகாரங்கள் சூரியனைப் பார்த்து ஓடின. லண்டனைவிட ஏழரை நிமிடம் பின்தங்கியிருந்தன.

கம்பெனிகளும் பங்குபோட்டுக் களைத்து, ஒன்றாகச் சேரத் தொடங்கின. அதிலும் சூழ்ச்சிக்குக் குறைவில்லை. கிராண்ட் ஜங்ஷனை நடத்திய கேப்டன் மார்க் ஹ்யூஷ், லண்டன் கம்பெனியை வழிக்குக் கொண்டுவர, அதன் எதிரியான கிரேட் வெஸ்டர்னின் அகலப் பாதையை ஆதரிப்பதுபோல் காட்டிக்கொண்டார். ஏழு அடி கேஜ் பர்மிங்காமுக்கு வடக்கேயும் போய்விடுமோ என்ற பயம் வேலை செய்தது. 1846-ல் இரண்டு கம்பெனிகளும், மான்செஸ்டர் அண்ட் பர்மிங்காம் ரயில்வேயும் சேர்ந்து லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே ஆயின. புது கம்பெனியின் தலைமை நிர்வாகி யார்? அதே ஹ்யூஷ்.

இணைப்பு நடந்ததும் கர்சன் ஸ்ட்ரீட்டின் நாட்கள் எண்ணப்படலாயின. இரண்டு அடிகள் விழுந்தன. முதல் அடி 1847-ல்: ரக்பியிலிருந்து ஸ்டாஃபோர்டுக்கு டிரென்ட் பள்ளத்தாக்கு வழியாக நேர்ப்பாதை திறந்தது. லண்டன் - லிவர்பூல், லண்டன் - மான்செஸ்டர் ரயில்கள் அதன்பின் பர்மிங்காமுக்கு வரவே தேவையில்லை. நின்று திரும்பும் தொல்லைக்குத் தீர்வாக, ஊரையே சுற்றிவிட்டார்கள்.

இரண்டாவது அடி ஊருக்குள்ளிருந்து வந்தது. புது கம்பெனி, தனித்தனி முனையங்களுக்குப் பதிலாக எல்லாப் பாதைகளும் ஊடுருவிச் செல்லும் ஒரு பொது நிலையத்தை ஊர் நடுவில் கட்ட முடிவுசெய்தது. 1838-ல் துணியாத அத்தனையும் இப்போது நடந்தது: ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்கள் இடிக்கப்பட்டன, மேட்டின் இருபுறமும் சுரங்கங்கள் குடையப்பட்டன. இன்ஜின்களும் பத்தாண்டில் பலம் பெற்றிருந்தன. ஏற்றம் பழைய பயமுறுத்தலாக இல்லை. அப்படி வந்ததுதான் நியூ ஸ்ட்ரீட் நிலையம். எட்வர்ட் கவ்ப்பர் வடிவமைத்த அதன் இரும்புக் கூரை, நடுவில் தூணே இல்லாமல் 211 அடி அகலத்தைத் தாண்டியது. திறந்தபோது உலகிலேயே அகலமான ஒற்றை வளைவுக் கூரை. ஹார்ட்விக்கின் கல்தூண்களோடு இதை ஒப்பிட்டால் நடுவில் 16 ஆண்டுகள்தான் என்று நம்புவது கடினம். ரயில்வேக்கென்று ஒரு கட்டடக்கலை பிறந்துவிட்டது. இரவல் ஆடை இனி தேவைப்படவில்லை.

நியூ ஸ்ட்ரீட் பாதி தயாரானபோதே, 1852 நவம்பரில், பழைய நிலையத்தின் பெயரும் மாறியது. அதுவரை அது வெறுமனே பர்மிங்காம்; அதன்பின் பர்மிங்காம் கர்சன் ஸ்ட்ரீட். 1854 ஜூன் 1-ல் நியூ ஸ்ட்ரீட் முழுமையாகத் திறந்தது. ஜூலை 1-ல் கர்சன் ஸ்ட்ரீட் அன்றாடப் பயணிகளுக்கு மூடியது.

இந்தச் சண்டைகளின் மிச்சம் ஒன்று அருகிலேயே இன்னும் இருக்கிறது. கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி பர்மிங்காமுக்கு வந்தபோது, அதன் பாதையைக் கர்சன் ஸ்ட்ரீட் பக்கத்துப் பாதைகளோடு இணைக்க ஒரு மேம்பாலத்தைக் கட்ட வேண்டும் என்று சட்டத்தில் விதி இருந்தது. அதற்குள் இரு தரப்புக்கும் இணைப்பே வேண்டாமென்று ஆகிவிட்டது. ஆனாலும் சட்டம் சட்டமாயிற்றே. செங்கல் வளைவுகளை வரிசையாகக் கட்டினார்கள். டடஸ்டன் மேம்பாலம் என்ற அதன்மேல் ஒரு ரயில்கூட ஓடியதில்லை. கட்டிய பகுதி பாதிவழியில் நின்றபடியே 170 ஆண்டுகளைக் கடந்துவிட்டது, மேலே செடிகொடிகள். அதைத் தோட்டப் பாதையாக்கலாம் என்று யோசனை சொல்கிறார்கள். ரயிலுக்காகப் பிறந்து ரயிலையே பார்க்காத பாலத்துக்கு அது நியாயமான முடிவுதான்.

கர்சன் ஸ்ட்ரீட் வெறுமையாகிவிடவில்லை. ஊர் விளிம்பில், கால்வாய்களுக்கும் பட்டறைகளுக்கும் அருகில் இருந்த அதே குறை, சரக்குக்கு வசதியாயிற்று. பித்தளைச் சாமான், பொத்தான், பேனா முள், துப்பாக்கி, ஆணி என்று எதைத்தான் அந்த ஊர் செய்யவில்லை? சரக்குக் கொட்டகைகள் எழுந்தன. பழைய முகப்புக் கட்டடம் அலுவலகமானது. விடுமுறைக் காலங்களில் மட்டும் நியூ ஸ்ட்ரீட்டின் நெரிசலைக் குறைக்க உல்லாசப் பயண ரயில்கள் இங்கிருந்து புறப்பட்டன. 1893 ஈஸ்டரோடு அதுவும் நின்றது. அதன்பின் சரக்கு மட்டும். 1966-ல் சரக்கு நிலையத்தையும் மூடி, பழைய கூரைகளையும் நடைமேடைகளையும் இடித்தார்கள். பார்சல் பிரிக்கும் வேலை மட்டும் அந்த வளாகத்தில் இன்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

ஜோடியாகப் பிறந்த மற்ற வாசலுக்கு என்ன ஆயிற்று? யூஸ்டன் நிலையம் ஒரு நாளும் ஓயவில்லை. கூட்டம் கூடக்கூட நடைமேடைகள் நீண்டன, கட்டடங்கள் வாசலை நெருக்கின. மின்மயமாக்கலுக்காக நிலையத்தைப் புதிதாகக் கட்ட நினைத்த பிரிட்டிஷ் ரயில்வே, வாசலை இடிக்க முடிவுசெய்தது. கவிஞர் ஜான் பெட்ஜமனும் விக்டோரியன் சொசைட்டியும் போராடினார்கள். பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லனைச் சந்தித்து முறையிட்டார்கள். பலிக்கவில்லை. 1961-62-ல் வாசல் தரைமட்டமானது. இடித்த ஒப்பந்ததாரர் பிராங்க் வலோரியே வருந்தி, விக்டோரியன் சொசைட்டிக்கு வாசலின் சிறிய வெள்ளி மாதிரி ஒன்றைச் செய்துகொடுத்தார். கற்களில் பெரும்பகுதி கிழக்கு லண்டனில் லீ ஆற்றோடு சேர்ந்த பிரெஸ்காட் கால்வாயில், அடியில் இருந்த பள்ளத்தை அடைக்கக் கொட்டப்பட்டது. 1994-ல் கட்டடக்கலை வரலாற்றாளர் டான் குருக்‌ஷாங்க் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்.

யூஸ்டன் அழிந்ததற்குக் காரணம் அது பயன்பட்டது. கர்சன் ஸ்ட்ரீட் தப்பியதற்குக் காரணம் அந்த இடம் யாருக்கும் அவசரமாகத் தேவைப்படவில்லை. பழைய கட்டடங்களைக் காத்தவர்கள் என்று நாம் கொண்டாடும் பட்டியலில் அலட்சியத்துக்கும் ஓர் இடம் கொடுத்தாக வேண்டும். கர்சன் ஸ்ட்ரீட்டுக்கும் இடிக்கும் யோசனைகள் வராமல் இல்லை. ஆனால் யூஸ்டன் இடிபட்ட கோபம் அதற்குள் பொதுக்கருத்தாக மாறியிருந்தது. முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்த கட்டடத்தை 1970-களின் இறுதியில் நகர மன்றம் வாங்கிப் பழுதுபார்த்தது. வடபுற ஓட்டல் பகுதிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை; அது இடிக்கப்பட்டது. மிஞ்சிய கட்டடத்துக்கு நிலையான பயன் எதுவும் அமையாமல் அது பெரும்பாலும் பூட்டியே கிடந்தது.

2010-ல் லண்டன் - பர்மிங்காம் அதிவேக ரயில் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, பர்மிங்காம் முனைக்குத் தேர்ந்தெடுத்த இடம் இதுதான். நியூ ஸ்ட்ரீட்டில் இனி ஒரு ரயிலுக்கும் இடமில்லை. ஊருக்கு அருகில் காலியாக இருந்த பெரிய நிலம் பழைய சரக்கு வளாகம் ஒன்றுதான். கட்டுமானத்துக்கு முன் தொல்லியலாளர்கள் மண்ணைத் திறந்தார்கள். 2020-ல் ஸ்டீவன்சன் வடிவமைத்த வட்ட இன்ஜின் கொட்டகையின் அடித்தளம் வெளிவந்தது. நடுவில் சுழல்மேடை, அதிலிருந்து ஆரங்களாகத் தண்டவாளங்கள், இன்ஜினைச் சுழற்றி வேண்டிய தடத்தில் விடலாம். 1837 நவம்பரில் செயல்படத் தொடங்கியது. இந்தக் கண்டுபிடிப்புக்கு முன் இவ்வகைக் கொட்டகைகளில் மிகப் பழையதாகக் கருதப்பட்ட டார்பி கொட்டகை 1839-ஐச் சேர்ந்தது. இன்ஜின்கள் பெரிதானதும் பழைய கொட்டகை இடிக்கப்பட்டு, சரக்கு வளாகம் அதன்மேல் பரவி மூடிவிட்டது. மூடியதால்தான் அடித்தளம் மிஞ்சியது.

புதிய கர்சன் ஸ்ட்ரீட் ஏழு நடைமேடைகளோடு எழுந்துகொண்டிருக்கிறது. பழைய கட்டடம் அதன் வளாகத்திலேயே சேர்ந்துகொள்ளும். திறப்புத் தேதி பலமுறை தள்ளிப்போயிருக்கிறது. செலவும் மதிப்பீட்டைத் தாண்டி ஓடுகிறது. கில்ஸ்பியின் புதைமணலை நினைத்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. இந்த நிலையமும் முனையமாகவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. லண்டன் ரயில்கள் வந்து முட்டி நின்று, வந்த பக்கமே திரும்பும். பர்மிங்காமுக்கு வடக்கே மான்செஸ்டர் வரை நீள வேண்டிய பகுதியை 2023 அக்டோபரில் அரசு கைவிட்டுவிட்டது. வடக்கே போகும் ரயில்கள் கர்சன் ஸ்ட்ரீட்டுக்குள் வராமல், ஊருக்கு வெளியிலேயே பிரிந்து, லிச்ஃபீல்டுக்கு அருகே ஹாண்ட்சேக்கர் என்ற இடத்தில் பழைய பாதையோடு சேரும். அந்தப் பழைய பாதை, 1847-ல் கர்சன் ஸ்ட்ரீட்டின் ரயில்களைத் திருப்பிக்கொண்டுபோன அதே டிரென்ட் பள்ளத்தாக்குப் பாதைதான்.